குஞ்சம்மாள் பேரில் ராஜம்மாள் கட்டியது

நவம்பர் 5, புதன்

எழுந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போய், நேற்று எடுக்க மறந்த துணிகளை எடுத்து வந்தேன். எல்லாம் நனைந்து கிடந்தன. ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. கூடத்தில் கொடி கட்டிக் காயப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன்.

இன்று குழுக் கூட்டம். கடை வைத்திருக்கும் பெண்கள் வங்கியில் நல்ல பேர் எடுக்க வழி சொல்வதற்குத்தான் அறக்கட்டளை எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. கடனை ஒழுங்காகக் கட்டியவரா என்று வங்கி பார்க்கும் சிபில் மதிப்பெண்ணை எல்லோருக்கும் எடுத்துப் போயிருந்தேன். முதலிடம் குஞ்சம்மாளுக்கு. கைதட்டுங்கள் என்றேன். தட்டவில்லை, சிரித்தார்கள்.

"மேடம், அது ஒரு டீ போட்டுக்கூட வித்ததில்ல" என்றாள் வளர்மதி. குஞ்சம்மாளும் சேர்ந்து சிரித்தார்.

பேருந்து நிலையத்துப் பக்கம் டிபன் கடை வைத்திருக்கும் ராஜம்மாளுக்கு ஒன்றுமே வரவில்லை. குறைவு என்றுகூட இல்லை. அப்படி ஒருத்தி கடன் வாங்கியதாகவே பதிவு இல்லை. ஆறு வருடமாக வாரம் தவறாமல் தவணை கட்டுகிறவள் அவள். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. நாளை எழுதிக் கேட்க வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

தப்பு எதுவும் நடக்கவில்லை.

ஆட்டுச் சந்தைக் கூட்டம் குறைந்ததும் கடைக்குப் போனேன். தார்ப்பாய் ஓரத்தில் தண்ணீர் ஒழுக, நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டதும் ராஜம்மாள் கரண்டியை வைக்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு மேடம். புருசன் கையெழுத்து இல்லன்னா குழுவுல பணம் இல்லன்னாங்க. எங்க அண்ணிதான் எம்பேர்ல எடுத்துக்கடின்னாங்க. பேரு யாருதா இருந்தா இன்னா, கட்டுறது நாந்தானே."

அண்ணி என்றது குஞ்சம்மாளை. புருஷனின் அக்கா.

கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. இருபதாம் தேதிவரை இவளுக்காக வைத்திருப்பதாகக் கட்டடக்காரர் சொல்லியிருக்கிறார். அது கிடைத்தால் மழையில் யாரும் நின்று சாப்பிட வேண்டாம். அவ்வளவு பெரிய தொகையைக் குழுவில் தர மாட்டார்கள், வங்கிதான் தர வேண்டும். வங்கிக்கு ராஜம்மாள் யாரென்றே தெரியாது.

நவம்பர் 8, சனி

யாரும் என்னிடம் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இங்கே பேர் கொடுப்பது வீட்டுக் குடத்தை இரவல் கொடுப்பது மாதிரி.

நவம்பர் 12, புதன்

ராஜம்மாளுக்கு இது சுலபம். "அண்ணி பேர்லயே எழுதிடுங்க மேடம், இத்தினி நாளு கட்டலயா?"

எழுதினால், கடை குஞ்சம்மாளுடையது, நேரில் பார்த்தேன் என்று வங்கி மனுவில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அது பொய். எழுதாவிட்டால் அறை போய்விடும். கட்டப் போகிறவள் இவள்தான், நிச்சயமாகக் கட்டுவாள். அப்புறம் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் நஷ்டமில்லாத ஒன்று எப்படித் தப்பாகும்? இரண்டு நாள் பொறு என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

இரண்டு நாள் ஐந்து நாளானது. குஞ்சம்மாள் வீட்டு வாசலில் ஒரு புதுக் குட்டியானைச் சரக்கு வண்டி நிற்கிறது, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி. மகன் வீரமணிக்காக எடுத்திருக்கிறார். அந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஒரே மத்தியானத்தில் கடனை எழுதிவிட்டார்களாம். இனி அந்தப் பேரில் கடைக்குக் கடன் எழுத இடமில்லை. எனக்கிருந்த குழப்பத்தை எனக்குப் பதிலாக வேறு யாரோ தீர்த்துவிட்டார்கள்.

நான் போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது.

"நான் கட்டுன கட்டுக்கு உங்க புள்ள வண்டி ஓட்டுறானா அண்ணி?"

"இன்னாடி பேசுற? நீ ஒரு வாரம் கட்டாம உட்டிருந்தா எவ வாசல்ல வந்து நின்னிருப்பாங்க? ஆறு வருசம் வயித்துல நெருப்ப கட்டிக்கினு இருந்தவ நானு. அதுக்கு ஒரு இட்லி இனாமா குடுத்திருப்பியா?"

"நீங்க துன்ன இட்லிய எண்ண ஆரம்பிச்சா வண்டியே வந்துடும்."

வீரமணி வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

குஞ்சம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவதானே, நீயே சொல்லும்மா. பேரு யாருது?"

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கட்டியவள் ராஜம்மாள். கட்டாமல் போயிருந்தால் மாட்டியிருக்கக் கூடியவர் குஞ்சம்மாள். ரெண்டு பேரு சொல்றதும் சரிதான். ரெண்டும் எப்படி சரியா இருக்கும்?

நவம்பர் 20, வியாழன்

ராஜம்மாளுக்கு நானே ஜாமீன் நிற்கலாம் என்று நினைத்து வங்கிக்குப் போனேன். அங்கிருந்த கடன் அதிகாரி என் விவரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். ஒன்றுமில்லை. ராஜம்மாளுக்கு வந்த அதே வெறுமை.

"மேடத்துக்கே இல்லீங்களா?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

எங்கள் வீட்டுக் கடன் என் வீட்டுக்காரர் பேரில். பதினொரு வருடமாகப் பாதித் தவணை என் சம்பளத்திலிருந்து இவர் கணக்குக்குப் போகிறது. எனக்கு இது தெரியாதா? தெரியும். அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

ராத்திரி இவரிடம் சொன்னேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம லோன்தானே, அதுல என்ன உன்னுது என்னுது?" என்றார். நல்ல மனுஷன். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 22, சனி

பக்கத்து அறை செல்போன் கடைக்குப் போய்விட்டது. ஏணி வைத்துப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜம்மாள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "சட்னி வெக்கட்டா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 25, செவ்வாய்

ராஜம்மாளே அலுவலகத்துக்கு வந்தாள். இதுதான் முதல் தடவை. கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு, "எம்பேர்ல மொதல்லேந்து ஆரம்பிக்கணும்னா இன்னா பண்ணணும்?" என்றாள்.

சின்னதாக ஒரு நகைக் கடன், மாதாமாதம் நாள் தவறாமல் கட்டினால் மெல்லப் பதிவு வரும் என்றேன். புருஷன் கையெழுத்து வேண்டாம்.

"எத்தினி நாளாவும்?"

"ஒரு வருஷமாவது ஆகும்."

காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இந்தக் கம்மல் போதுமா?"

"போதும். அண்ணிகிட்ட பேசினியா?"

"காத்தால இட்லி குடுத்தனுப்பிச்சேன். துன்னுட்டு பாத்திரத்த கழுவாம அனுப்பியிருக்குது. கோவம் இருந்தா மூணாம் மனுசி மாதிரி கழுவி அனுப்பும். கொறஞ்சிடுச்சின்னு அர்த்தம்."

இந்த மாதம் நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று இன்னமும் தெரியவில்லை. யாராவது கேட்டால் மறுபடியும் தண்ணீர்தான் கேட்பேன்.

நாளை பத்து மணிக்கு அவளோடு வங்கிக்குப் போகிறேன். அவள் கம்மலை வைத்து முடித்ததும், அதே மேஜையில் என் வளையல் ஒன்றைக் கழற்றி வைக்கப் போகிறேன். என் பேரில். பணம் எதற்கும் வேண்டியதில்லை. இவரிடம் சொல்லவில்லை. ராஜம்மாளிடமும்.