மாதாவின் கைக்கு ஒரு மோட்டர்

ஒக்டோபர் 15, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தபோது டிலுசா கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பங்கு இளைஞர் ஒன்றியத்துக்கு இப்போது அவள்தான் தலைவி.

"இந்தமுறையும் பாலன் குடில் நீதான் செய்யவேணும், நிரோசினி. மறைக்கோட்டத்துப் பங்குகள் எல்லாத்துக்கும் போட்டி வைக்கினமாம்."

பின்னால் நின்ற யாரோ, "மாதா இந்தமுறையும் அடிப்பாவோ?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செய்வேன். ஆனால் பாலனுக்காக இல்லை. றொனால்டுக்காக.

ஒக்டோபர் 17, செவ்வாய்

எழுதினால் ஆறுமோ, பார்ப்போம்.

போன நத்தார். குடிலில் மாதா குனிந்து குழந்தையைத் தட்டித் தாலாட்டுவதாகச் செய்திருந்தேன். அவவின் தோளுக்குள் ஒரு சேர்வோ மோட்டர். தீப்பெட்டியிலும் சிறியது. எந்தக் கோணத்துக்குத் திரும்பச் சொல்கிறோமோ அந்தக் கோணத்துக்குத் திரும்பி அங்கேயே பிடித்து நிற்கும். முல்லைத்தீவு ரவுணில் றொனால்டின் கடையில் வாங்கினேன். "உள்ளுக்கை முழுக்க உலோகப் பற்சில்லு, தங்கச்சி. வருசக்கணக்கா ஓடும்" என்றான்.

சனம் நிறைந்து நின்ற நேரம் உள்ளே பல் உடைந்தது. கை மேலே போய்ப் பட்டென்று விழுந்தது, குழந்தையின் முகத்தில். பிறகும் போனது, பிறகும் விழுந்தது. நான் வயரைப் பிடுங்கும்வரை மாதா குழந்தைக்கு அடித்துக்கொண்டே இருந்தா.

பூசைக்கு வந்திருந்த றொனால்ட் அதைப் படம் பிடித்தான். அடுத்த நாள் முகநூலில் போட்டான்: "பிள்ளை வளர்ப்பு, புது முறை." மோட்டர் பிழை என்று சொல்லக் கடைக்குப் போனேன். வாங்க வந்த ஆட்களுக்கு முன்னால் சொன்னான்: "வயர் குடுக்கத் தெரியாட்டி மோட்டரையோ குறை சொல்லுறது? உங்களுக்கேன் பிள்ளை உந்த வேலை? கேக் அடிக்கப் பழகுங்கோ."

நான் புதுக்குடியிருப்பில் போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறேன். தலைமுடியளவு மெல்லிய வயரைப் பெரிதாக்கும் கண்ணாடிக்குக் கீழே வைத்து ஒட்டுகிறவள். எனக்கு வயர் குடுக்கத் தெரியாதாம்!

அப்பா அப்போது நாயாற்றில் மீன்பிடி வாடியில் நின்றவர். அங்கே ஒருவன் அந்த வீடியோவை அவருக்கே காட்டிச் சிரித்திருக்கிறான். அப்பா வள்ளத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. டிலுசாவின் தமையன் சொல்லித்தான் தெரியும்.

ஆறவில்லை. எழுத எழுதக் கொதிக்கிறது.

நவம்பர் 4, சனி

நாலு வகை மோட்டர் எடுத்திருக்கிறேன். நீலப் பெட்டியில் வருகிற மலிவான பிளாஸ்டிக் பல்லு ஒன்று. உலோகப் பல்லு என்று போட்டவை மூன்று. அதில் இரண்டு கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தன. மூன்றாவது போன வருசத்து அதே வகை, றொனால்டின் கடையில் இருந்து, டிலுசா போய் வாங்கியது. எனக்கென்று தெரிந்தால் தரமாட்டான்.

குசினி மேசையின் விளிம்பில் நாலையும் வரிசையாகப் பூட்டினேன். ஒவ்வொன்றின் கையிலும் தங்கூசி நூலில் அப்பாவின் வலை ஈயக்குண்டு தொங்குகிறது. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். அம்மா சோறு வடிக்கும்போதும் கிர்ர் கிர்ர்.

"உது எப்ப நிக்கும்?" என்றா.

"நிண்டால் நல்லதில்லையம்மா."

நவம்பர் 5, ஞாயிறு

நீலம் மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டது. எதிர்பார்த்ததுதான்.

நவம்பர் 8, புதன்

வேலையால் வந்து பார்க்கிறேன், றொனால்டின் மோட்டர் கத்திக்கொண்டிருக்கிறது, ஆனால் கை அசையவில்லை. அந்தச் சத்தம்! அதே சத்தம். நத்தாரன்று மாதாவின் தோளுக்குள் கேட்ட சத்தம். நாலு ஆணியையும் கழற்றினேன்.

வெளியே தெரிகிற மேல்பல் மட்டும் பித்தளை. கீழே இருக்கிற இரண்டும் வெள்ளைப் பிளாஸ்டிக். ஒன்றில் பாதிப் பற்கள் இல்லை.

சிரிப்பு வந்தது. அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தா.

இதை இப்படியே வைத்திருப்பேன். போட்டியில் நடுவர்மார் வரும்போது, சனத்துக்கு நடுவில், அவனுக்கு முன்னால் திறந்து காட்டுவேன். "இதுதானே அண்ணை உங்கட உலோகம்?" கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 19, ஞாயிறு

கொழும்பு மோட்டர் இரண்டில் ஒன்று ஓடுகிறது, ஆனால் தண்டு ஆடத் தொடங்கிவிட்டது. ஆடுகிற தண்டு கொஞ்ச நாளில் பல்லைத் தின்னும். மற்றதும் ஓடுகிறது, அதன் தண்டு ஆடவே இல்லை. உள்ளே எல்லாப் பல்லும் உலோகம், தண்டைத் தாங்க ஒரு சின்னப் பெயரிங்கும் இருக்கிறது. தொட்டால் சுடவில்லை. முற்றத்தில் கடல்காற்றில் வைத்தும் ஓட்டினேன், துருவும் இல்லை. இதுதான். மேலதிகமாகச் சிலது அனுப்பக் கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். கப்பல் வராமல் சாமான் முடங்கினாலும் கையில் இருக்க வேண்டும்.

டிசெம்பர் 10, ஞாயிறு

மாதாவின் கை மெதுவாகப் போய், மெதுவாகத் தொட்டு, மெதுவாக வருகிறது. அப்பா வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

றொனால்டும் தன் பங்கில் குடில் கட்டுகிறானாம். பாலனைக் கும்பிட வந்த மூன்று இராசாக்களும் முழங்காலில் இருந்து எழும்புவார்களாம். டிலுசா சொன்னாள்.

கட்டட்டும்.

டிசெம்பர் 21, வியாழன்

வந்தான். என் வீட்டு வாசலுக்கு!

மனைவி இராசாத்தி அக்காவும் கூட வந்தா. அம்மா கதிரை போட்டும் இருக்கவில்லை.

"தங்கச்சி, ரெண்டு இராசா படுத்திட்டினம். கொழும்பிலை இருந்து எடுப்பிக்க இனி நேரமில்லை. உம்மட்டை நல்ல மோட்டர் இருக்காம்."

நான் அந்தத் திறந்த மோட்டரைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தேன். இவ்வளவு நாளும் பாடமாக்கிய வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "உது... என்ர கடையிலை வாங்கினதோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியாது, தங்கச்சி. அந்தோனியார் அறிய, மேல்பல்லைப் பாத்துத்தான் நானும் நம்பினனான். இல்லாட்டி என்ர குடிலுக்கு ஏன் உதைப் பூட்டுறன்?"

அதை நான் யோசிக்கவில்லை. அவன் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். மோட்டரை அறியாமல் விற்றிருக்கலாம். அந்த வீடியோவை அறியாமலா போட்டான்? கேக் அடிக்கச் சொன்னதும் அறியாமலா?

"மோட்டர் தாறன். ஞாயிற்றுக்கிழமை எங்கட கோயிலிலை, மைக்கிலை, போன முறை பிழைச்சது உங்கட மோட்டர்தான் எண்டு சொல்லுங்கோ."

"அது ஏலாது பிள்ளை. கடை படுத்திடும்."

"அப்ப போயிட்டு வாங்கோ."

"இஞ்சருங்கோ, ஒரு வசனம்தானே. சொல்லிவிடுங்கோவன்" என்றா இராசாத்தி அக்கா அவனிடம். அவன் அதற்குள் திறந்த மோட்டரைக் கதிரையில் வைத்துவிட்டு மோட்டர்சைக்கிளில் ஏறிவிட்டான்.

"குடுத்திருக்கலாம். நத்தார் நேரம்" என்றா அம்மா.

அப்பா வலையில் இருந்து தலையை எடுக்கவில்லை. "பிள்ளை கேட்டது சரி" என்றார். ஒரு வருடத்தில் இதைப்பற்றி அவர் வாயில் வந்த முதல் சொல்.

டிசெம்பர் 23, சனி

காலையில் எங்கள் குடிலை நடுவர்மார் பார்த்துவிட்டுப் போனார்கள். மாதா அடிக்கவில்லை. பின்னேரம் டிலுசாவின் ஸ்கூட்டியில் அவன் பங்குக்குப் போனேன். திறந்த மோட்டர் கைப்பைக்குள். போன் கையில்.

முதல் இராசா எழும்பவே இல்லை. இரண்டாவது இராசா பாதி எழும்பினார். பொன் பெட்டி பிடித்த கை துள்ளித் துள்ளித் தன் தலையிலேயே அடித்தது. கிரீடம் கழன்று ஆட்டுக்குட்டிக்கு மேல் விழுந்தது. சின்னப்பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள், பிறகு பெரியவர்களும். நடுவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

முழுவதையும் எடுத்தேன். கை நடுங்காமல் எடுத்தேன். நெஞ்சுக்குள் குளிர்ந்தது என்று எழுதாவிட்டால் பொய்.

இராசாத்தி அக்கா ஓடிவந்து சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு குடிலுக்கு முன்னால் நின்றா. அவன் வயரைத் தேடிக்கொண்டிருந்தான். அது என்ன தேடல் என்று எனக்குத் தெரியும். எல்லா வயரும் ஒரே நிறமாகத் தெரியும் அந்த நேரம்.

கைப்பையைத் திறக்கவில்லை. தேவைப்படவில்லை.

டிசெம்பர் 24, ஞாயிறு

காலையில் அந்த வீடியோவை முகநூலில் போட ஏற்றி வைத்தேன். மேலே எழுத வசனமும் வைத்திருந்தேன்: "கேக் அடிக்கப் பழகுங்கோ." போடுகிற பொத்தானுக்குக் கிட்ட விரல் போனது.

அந்தச் சீலைத் தலைப்பு. அதுவும் படத்தில் விழுந்திருந்தது. அக்கா எனக்கு ஒன்றும் செய்யவில்லையே?

போடாமல் அழித்துவிட்டு, வீடியோவை வட்சப்பில் அவனுக்கு மட்டும் அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. பார்த்துவிட்டான், இரண்டு நீலக் கோடும் விழுந்தன.

மத்தியானம் பார்த்தேன். அவன் முகநூல் பக்கத்தில் போன வருச மாதா வீடியோ இல்லை.

போட்டியில் எங்களுக்கு இரண்டாம் இடம். முதலாம் இடம் மோட்டரே இல்லாத ஒரு குடிலுக்கு. களிமண்ணும் வைக்கோலும். டிலுசா அழுதாள். எனக்கு ஏனோ சிரிப்புத்தான் வந்தது.

ஜனவரி 27, சனி

பளையில் ஒரு பள்ளிக்கூடத்து ரீச்சர், பிரதாபன் சேர், எங்கள் குடிலைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போன் எடுத்தார். பிள்ளைகள் றோபோக் கை செய்கிறார்களாம், வாங்குகிற மோட்டர் எல்லாம் ஒரு கிழமையில் போகிறதாம். "நல்லதாப் பாத்து எடுத்துத் தருவீங்களோ?" திங்கட்கிழமை வேண்டுமாம். கொழும்புக்குச் சொல்ல நேரமில்லை. முல்லைத்தீவில் கடை ஒன்றுதான்.

போனேன். உள்ளே நாலைந்து பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் றொனால்ட் அண்ணையின் கதை பாதியில் நின்றது.

"சேர்வோ மோட்டர் வேணும். உலோகப் பல்லு."

பெட்டியை எடுத்து வைத்தார்.

"திறந்து காட்டுங்கோ."

நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்குரூ டிறைவரை எடுத்தார். கழற்றினார். வெள்ளைப் பல்லு. அதைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கவில்லை. காலடியில் இருந்த குப்பை வாளிக்குள் போட்டார். அடுத்ததும் வெள்ளை. அதுவும் வாளிக்குள். யாரோ "என்ன றொனால்ட், உதோ சாமான்?" என்றார்கள். அவருடைய காதுமடல் சிவந்தது, ஆனால் தலை நிமிரவில்லை.

கீழ்த்தட்டில் இருந்து வேறு பெட்டி ஒன்றை எடுத்தார். "இது வேற ஆளிட்டை எடுத்தது. போன கிழமைதான் வந்தது." திறந்து என் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழ்வரை பித்தளை. தண்டைப் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை.

"பன்ரண்டு இருக்கு" என்றார். "மிச்சத்தையும் திறக்கட்டோ?"

"ஓம், அண்ணை. எல்லாத்தையும்."

இராசாத்தி அக்கா உள்ளே இருந்து கதிரை கொண்டுவந்து போட்டா. இருந்தேன்.