ஃப்ரிட்ஜில் ஒரு காலித் தட்டு

என்னங்க,

இன்சுலின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எஃகுத் தொட்டியில் வளரும் கிருமிகளுக்குச் சர்க்கரைக் கரைசல் ஊட்டுகிறேன். கிருமி என்றாலே முகம் சுளிப்பீர்களே, அவைதான் அதைத் தின்று இன்சுலினைச் செய்கின்றன. இப்போது ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியில் சும்மாவே கொடுக்கிறார்கள். அன்றே கிடைத்திருந்தால்... சரி, விடுங்கள்.

மாடி வீட்டுச் சிறுமிக்கு நான்தான் ஊசி போடுகிறேன். அவள் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. அவர்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. மருந்து நம் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது, பாப்பாவின் மருந்து இருந்த அதே தட்டில். அங்கே இத்தனை நாளும் நான் எதையும் வைக்கவில்லை.

நேற்று, "நீங்க போட்டா வலிக்கவே மாட்டேங்குது அத்தை, யாருக்குப் போட்டுப் பழகினீங்க?" என்று கேட்டாள்.

"ஃபேக்டரியில சொல்லிக்கொடுத்தாங்க" என்றேன்.

ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். அவள் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

இன்னமும்,
பாப்பாவின் அம்மா