சுவரில் முகம் மட்டும் பாக்கி

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நாங்குநேரியில் உன் வீட்டார் நலமா? புதிதாக வெள்ளையடித்த சுவரில் பிள்ளைகளைக் கிறுக்க விட்டாய் என்று அன்று கத்தினேனே, இப்போது அதே சுவரில் நானும் வரைகிறேன். பிள்ளைகள் என்னைக் கிறுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள்தூளைக் குழைத்து உன்னைத்தான் வரைந்தேன்.

சின்னவன் பார்த்துவிட்டு, “எப்பா, அம்மைக்கு எதுக்கு நாலு சக்கரம் வச்சிருக்கிய?” என்றான். இரண்டு வளையல், இரண்டு கம்மல் என்றேன். நம்பவில்லை.

பெரியவள் முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். “அம்மை வந்து முன்னால உக்காந்தாத்தான் மூஞ்சி சரியா வரும். நீங்க இனி பிரஷ்ஷைத் தொடாதிய.”

எட்டு நாளாக, முகமில்லாத உன்னைப் பார்த்துக்கொண்டே மூவரும் சாப்பிடுகிறோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. சமைத்தது நான் என்பது மட்டும் காரணமில்லை.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்போம். சுவர் அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
அந்தச் சுவரில் உன் பக்கத்தில் மீசையோடு நிற்பவன்