உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அப்பாவும் சுகம். நடுவில் ஐந்து நாள் என்னோடு பேசாமல் இருந்தார், இப்போது பேசுகிறார், விட்டுப்போன ஐந்து நாளுக்கும் சேர்த்துப் பேசுகிறார். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணாடியை மாற்றினாயா என்று போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே "ம்" சொல்கிறாய். கடிதத்துக்கு "ம்" என்று மட்டும் பதில் எழுத முடியாது, அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொல்லப் போகிறாராம் அப்பா, முந்தாநாளிலிருந்து குளியலறையில் ஒத்திகை நடக்கிறது, கதவு வழியாகக் கேட்ட அளவில் அதில் நான் கொஞ்சம் கொடூரமானவளாக வருகிறேன். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நீ அதை இரண்டு மூன்று தடவை கேட்டிருப்பாய். பரவாயில்லை, எழுத்தில் இருப்பதுதான் நிற்கும் என்று நம்பி முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியவள் நான், என் தரப்பை எழுதிவைக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது உனக்குத் தெரியும். அதிலிருந்து மூன்றாம் மாதத்தின் கடைசி வாரத்தில் தினமும் ஐம்பது பேராவது வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் அந்தக் கிளை நூலகத்தை மூடிவிடுவார்கள். நம் கிளைக்கு அப்போது தினம் பத்தொன்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள், செய்தித்தாளை விரித்து அதன் மேலேயே தூங்குகிற பெரியவரையும் சேர்த்து. பக்கத்து நாற்காலிக் கடைக்காரர் அந்த வாரமே அளவு நாடாவோடு வந்து, சும்மா பார்த்துட்டுப் போறேம்மா என்று சொல்லிவிட்டு, என் மேஜை இருக்கிற இடத்தில் எத்தனை சோபா அடுக்கலாம் என்று அளந்துகொண்டு போனார். கூட்டம் சேர்க்க வழியும் சுற்றறிக்கையிலேயே இருந்தது, ஒவ்வொரு கிளையும் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கி வாசகர்களின் ஈடுபாட்டை வளர்க்க வேண்டுமாம். அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்க வந்த பையன் ஈடுபாடு, ஈடுபாடு என்று இருபத்தேழு தடவை சொன்னான், எந்த நூலகத்தில் உறுப்பினராக இருக்கிறாய் தம்பி என்று கேட்டேன், தேநீர் இடைவேளை விட்டுவிட்டான்.

பக்கம் தொடங்கினேன். நூலகத்தின் பக்கம் என்றால் அதுவும் நூலகம்தானே, அதனால் முகப்பில் "அமைதி காக்கவும்" பலகையைப் படமெடுத்துப் போட்டேன், கமெண்ட் போடுகிற வசதியை மூடிவைத்தேன். முதல் பதிவு வேலை நேரம், இரண்டாவது பதிவு விதிகள் ஒன்று முதல் ஏழு வரை, மூன்றாவது பதிவு விதிகள் எட்டு முதல் பதினான்கு வரை. முதல் வாரத்தில் நான்கு லைக் வந்தது, நான்கையும் தேதியோடு வரவுப் பதிவேட்டில் ஏற்றினேன். ஒன்று நீ, ஒன்று நான், ஒன்று நம் உதவியாளர் பசை (கிழிந்த புத்தகம் ஒட்டி ஒட்டி அந்தப் பெயர் அவளுக்கே ஒட்டிக்கொண்டது, இப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை), இன்னொன்று உண்மை விரும்பி என்ற பெயரில் யாரோ. தலைமை அலுவலக மேலாளர் போன் செய்து, ஏம்மா கமெண்ட்டை மூடி வச்சிருக்கீங்க என்றார். நூலகத்தில் பேசக்கூடாது சார் என்றேன். அம்மா, அது பேசறதுக்குன்னே கட்டின இடம்மா என்றார். சரி என்று திறந்துவிட்டேன், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை, ஞாயிறு விடுமுறை. ஐந்து மணிக்கு மேல் கமெண்ட் போட்டவர்களுக்கு, தங்கள் கருத்து அடுத்த வேலை நாளில் பரிசீலிக்கப்படும் என்று மறுநாள் பத்து மணிக்குப் பதில் எழுதினேன். நான்கு ஆச்சரியக்குறி போட்டவர்களைக் குரலைத் தாழ்த்தச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் முகத்தை ஒருவர் அனுப்பியிருந்தார், தயவுசெய்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வரவும் என்று எழுதினேன், அதற்கு அவர் இன்னும் ஆறு முகம் அனுப்பினார். நீ போன் செய்து தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கும், அம்மா, விதியைக் காட்டாதே, உள்ளே என்ன இருக்குன்னு காட்டு என்றாய். நல்ல யோசனை. அதற்கும் ஒரு விதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது.

விதி பதினான்கு: திரும்பி வரும் புத்தகங்களுக்குள் காணப்படும் பொருள்கள் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் வைக்கப்பட வேண்டும், உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். என் மேஜைக்கடியில் ஒரு தகரப்பெட்டி நிறைய அந்த மாதிரிப் பொருள்கள் கிடந்தன. ஒற்றைக் கம்மல், சீப்பு, மூக்குக்கண்ணாடியின் ஒரு கால், இருபது வருடத்துக்கு முந்தைய பரீட்சை நுழைவுச்சீட்டு (அந்தப் பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதியதோ), ஒரு பல் எக்ஸ்ரே. இனிமேல் இந்தப் பக்கம்தான் அறிவிப்புப் பலகை என்று முடிவு செய்து எக்ஸ்ரேவைப் போட்டேன். "கீழ்வரிசை, வலப்பக்கம், கடைவாய்ப்பல் சொத்தை. உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்." இவ்வளவுதான் எழுதினேன். தொள்ளாயிரம் பேர் பார்த்தார்கள். அது சொத்தையே இல்லை, ஞானப்பல் என்று ஒரு கூட்டம், பல்லே இல்லை, முழங்கை என்று ஒருவர். மறுநாள் காலை இரண்டு பேர் வந்து அந்த எக்ஸ்ரே என்னுடையது என்றார்கள். இரண்டு பேரையும் வாயைத் திறக்கச் சொன்னேன். எதிர்ச்சாரிப் பல் வைத்தியர் சண்டையைக் கேட்டு டார்ச் விளக்கோடு ஓடி வந்தார், எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ரெண்டு பேருக்கும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். வந்தது வந்தோம் என்று மூன்று பேரும் உறுப்பினர் ஆனார்கள். அதிலிருந்து தினம் ஒரு பொருள். கம்மலுக்கு ஏழு பேர் வந்தார்கள், எல்லோர் காதையும் பசை பார்த்தாள். பதினெட்டு, பத்தொன்பது என்று நின்றிருந்த கணக்கு முப்பதைத் தாண்டி நாற்பத்தொன்றுக்கு வந்து, அங்கே உட்கார்ந்துவிட்டது.

இதற்கிடையில் இந்த உண்மை விரும்பி. ஒரு பதிவையும் விடமாட்டார். மின்விசிறி சத்தம் போடுகிறது என்பார், நூலகர் சிரிப்பதில்லை என்பார், பின்பக்கக் குழாயில் வாஷர் தேய்ந்துவிட்டது, அரை அங்குல வாஷர் மாற்றவும் என்பார். தண்ணீர்க் குழாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற உன் அப்பாவைத் தவிர, சொட்டுகிற சத்தத்தைப் பற்றி நான் வீட்டில் புலம்பியதை வைத்தே வாஷர் அளவு சொல்லக்கூடியவர் யார்? இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அடுக்களையில் பதில் எழுதி அனுப்பினால் கூடத்தில் அவர் போன் டிங் என்னும். நான் காட்டிக்கொள்ளவில்லை, வாசகர் எவரானாலும் வாசகர், தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி என்றுதான் ஒவ்வொரு தடவையும் எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு நூலகத்துப் படி ஏறாத மனிதர், என்ன வேணும்னாலும் வீட்டிலேயே நூலகர் இருக்காளே என்பார், அவர் இப்படியாவது வந்தாரே என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

கடைசி வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, ஒருவேளை மூடிவிட்டால் புத்தகங்களை எண்ணி ஒப்படைக்க வேண்டுமே என்று நானும் பசையும் அலமாரி அலமாரியாகச் சரிபார்த்தோம். கடற்பாசிகளைப் பற்றி எழுநூறு பக்கத்தில் ஒரு தொகுதி, தேதிச் சீட்டில் ஒன்பது முத்திரை, ஒன்பதும் ஒரே உறுப்பினர் எண். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் உன் அப்பா தொடர்ந்து ஒன்பது தடவை எடுத்துப் போன புத்தகம் அது. கடற்பாசியில் பெரிய ஞானஸ்தர் போலிருக்கிறது என்று அப்போது நான் மரியாதையாகப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பின் அதை யாரும் தொடவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நடுவில் கோடு போட்டு, "சாதகம்" என்று ஒரு பக்கம்: நிரந்தர வேலை, அழகான கையெழுத்து, பல்வரிசை. "பாதகம்" என்று இன்னொரு பக்கம்: பேச விடமாட்டாள், தாமதமாக வந்தால் முறைக்கிறாள், சிரித்துப் பார்த்ததில்லை (விசாரிக்கவும்), என்னைவிட இரண்டு விரல் உயரம், கடற்பாசி பற்றிக் கேள்வி கேட்கிறாள். கீழே கூட்டி, மூன்றுக்கு ஐந்து, ஆகவே வேண்டாம். வேண்டாம் என்பதற்கு அடியில் இரண்டு கோடு. தேதியும் போட்டிருந்தார். அதற்கு இரண்டாவது நாள்தான் அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டார், நான் மெதுவாகப் பேசுங்கள் என்றேன்.

ஞாயிறு முழுக்க யோசித்தேன். விதி பதினான்கைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், கணவன்மார்களுக்கு அதில் விலக்கு இல்லை. நாற்பத்தொன்றுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் சோபாக்கள் நின்றுகொண்டிருந்தன. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தாளைப் படமெடுத்துப் போட்டேன், பெயர் இல்லை, ஊகம் இல்லை, உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று மட்டும். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு உண்மை விரும்பி எழுதினார், இது தனிமனித உரிமை மீறல், உடனே நீக்கவும், நான்கு ஆச்சரியக்குறி. குரலைத் தாழ்த்தவும் என்றேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பொண்ணு தப்பிச்சா என்று ஒரு கட்சி, அந்த ஆளு தப்பிச்சான் என்று இன்னொரு கட்சி, கணக்கு வாத்தியார் ஒருவர் கூட்டல் சரிதான் என்று சான்று கொடுத்தார், கடற்பாசியைப் பற்றி அப்படி என்ன கேட்டாள் என்று பதினாறு பேர் கேட்டார்கள். அப்போது உண்மை விரும்பி, அந்த ஆள் அப்போ சின்னப் பையன், விவரம் பத்தாது என்று எழுதிவிட்டார். உங்களுக்கு எப்படிங்க தெரியும் என்று ஒரே நேரத்தில் நாற்பது பேர். அத்தோடு ஆளைக் காணோம். அன்று மாலையிலிருந்து பேச்சும் நின்றது, என் எண்ணை அவர் போனில் பிளாக் செய்துவிட்டார், ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு. சாப்பாடு ரெடி என்று சீட்டு எழுதி வைத்தேன், சீட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட வந்தார்.

தாளைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு நூலகத்தின் கடைசி மூலையில் வைத்தேன். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பதினெட்டு அலமாரியைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பி வரும்போது பத்துப் பேரில் நான்கு பேர் கையில் புத்தகம் இருந்தது. திங்கள் அறுபத்து மூன்று, செவ்வாய் எண்பத்தெட்டு, வெள்ளி வரை குறையவில்லை. வருகிறவர்கள் எல்லாம் தாளில் இருப்பது நான்தான் என்று ஊகித்து என் பக்கத்தில் நின்று உயரம் பார்த்தார்கள். என்னைச் சிரிக்கவைக்க ஒரு தையல்காரர் குரங்கு மாதிரி நடந்து காட்டினார், அவரை நாடகப் பிரிவுக்கு அனுப்பினேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, சனிக்கிழமை வானத்தைப் பொத்துக்கொண்டு மழை. மாலை நான்கு ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தொன்பது கையெழுத்து. நான் பின்வாசல் வழியாகப் போய் வேறு துணி மாற்றிக்கொண்டு வரட்டுமா என்றாள் பசை, ஊழியர் கையெழுத்து செல்லாது என்றேன். தூங்குகிற பெரியவர் கண்ணைத் திறக்காமலே, வேணும்னா நான் வெளியே போய் இன்னொரு தரம் வரேன்மா என்றார், ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு கையெழுத்துதான். நாற்காலிக் கடைக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே வந்தால் அவரே ஐம்பது ஆகிவிடுவார் என்று படியில் கால் வைக்கவில்லை.

நான்கு ஐம்பத்தேழுக்கு ஒரு குடை உள்ளே வந்தது. குடைக்கடியில் உன் அப்பா, தலை படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு. என்னைப் பார்க்காமல் பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். வந்த நோக்கம் என்ற இடத்தில், பொருள் பெற்றுக்கொள்ள. அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். முப்பத்தோரு வருஷமா கூடவே இருக்கேன், இன்னும் என்ன அத்தாட்சி வேணும் உனக்கு என்றார். ஐந்து நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை, நான் மெதுவாகப் பேசுங்கள் என்றேன். படிவத்தைக் கொடுத்தேன். அதில் பொருள் தவறவிடப்பட்ட சூழ்நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது, எல்லோரும் ஞாபகமில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவர் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு எழுதினார்: "கணக்குப் போட்டு முடித்துக் கோடு இழுத்தபோது நூலகர் தும்மினார். உடனே தன்னைப் பார்த்தே உஷ் என்று சொல்லிக்கொண்டார். தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டேன்."

முத்திரை குத்தித் தாளைக் கொடுத்தேன். நான் அப்போது வாய்விட்டுச் சிரித்ததாகப் பசை சொல்கிறாள், பெரியவர் தூக்கத்திலிருந்து எழுந்து என்னைப் பார்த்து உஷ் என்றாராம். எனக்கு நினைவில்லை. ஆனால் உன் அப்பா பேனாவை வாங்கிப் பாதகம் பக்கத்தில் மூன்றாவது வரியை அடித்து, விசாரிக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார், அதை நானே பார்த்தேன். நம் கிளை மறு உத்தரவு வரும்வரை தொடரலாம் என்று நேற்று கடிதம் வந்துவிட்டது, வாசகர் ஈடுபாட்டைக் குறிப்பாகப் பாராட்டியிருக்கிறார்கள். பின்பக்கக் குழாய்க்கு அப்பா நேற்று வாஷர் மாற்றினார், அரை அங்குலம்தான்.

நீ தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு போ, ராத்திரி போனைத் தலையணைக்கடியில் வைக்காதே, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நாமே முதலில் பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது. நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, சிரித்த முகமாக இரு என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று. சைக்கிள் பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்றை ஆறு வருடத்துக்கு முன்னால் உன் உறுப்பினர் எண்ணில் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாய், இன்னும் திரும்பி வரவில்லை. அனுப்பிவை. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கமாக நன்றாக உதறிப் பார்த்துவிடு, ஏதாவது தாள் இருந்தால் எடுத்துக்கொள். மகள்களுக்கும் விலக்கு இல்லை.

உன் அன்பு அம்மா,
நூலகர் (மறு உத்தரவு வரும்வரை)