நீல வண்டியின் முன் ஸ்பிரிங்

மே 9, செவ்வாய்

மூன்று வண்டிகளும் வந்துவிட்டன. நீலம் பதினொரு மணிக்கு, சாம்பல் மதியம், சிவப்பு நாலரைக்கு. மூன்றும் வேறு வேறு டிரக்கில், ஆனால் ஒரே மழையில். பத்தொன்பது வருஷமாக இந்தப் பத்திரிகைக்காக வண்டிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். ஐஃபல் மலையில் மே மாதம் ஒரு முறையாவது டிரக் நனையாமல் வந்து நின்றதாக ஞாபகம் இல்லை.

வண்டிக்கு ஒரு வரவுத்தாள். கீறல், டயர் காற்று, எண்ணெய், ஸ்பிரிங் ரப்பர், சாவி என்று பன்னிரண்டு கட்டம். நீலத்தின் தாளைக் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டே டிக் போட்டு முடித்தேன். டிரக் ஓட்டி வந்தவர், "சீக்கிரம் மேடம், உள்ளாடை வரைக்கும் நனைஞ்சாச்சு" என்றார்.

காபிக்கு மார்க்: பத்துக்கு மூன்று.

மே 11, வியாழன்

காலை ஏழிலிருந்து பந்தயப் பாதையில். வெயில், காய்ந்த தார், காற்று இல்லை. இப்படி ஒரு நாள் கிடைக்கத் தவமிருக்க வேண்டும்.

சிவப்பு அழகாக இருக்கிறது. அவ்வளவுதான்.

சாம்பல் வளைவுக்குள் போகும்போது முதலில் கொஞ்சம் சாய்கிறது, பிறகுதான் ஊன்றிக்கொள்கிறது. அந்தச் சாய்வில் டயர் என்ன செய்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிகிறது. நல்ல வேலைதான். ஆனால் நீலம்! ஸ்டீயரிங்கை நினைத்தாலே திரும்புகிறது. நூற்றறுபதில் வளைத்தாலும் மூக்கு சாய்வதே இல்லை, மேஜை மாதிரி மட்டமாக நிற்கிறது. ஒரு சுற்றுக்குச் சாம்பலைவிட இரண்டு வினாடி வேகம். நாலு கதவு வைத்த குடும்ப வண்டியில் இப்படி ஒரு முன்பக்கத்தை நான் பார்த்ததில்லை.

மே 12, வெள்ளி

கிராமத்துச் சாலை. பின்சீட்டிலும் ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இந்தத் தடவையும் புகைப்படக்காரன் ஆன்ஸ்கார்தான் உட்கார்ந்தான். காகிதத் தட்டில் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் மசியலும் வைத்துக்கொண்டு வந்தான். குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு அதுதான் பரிசோதனையாம்.

நீலம் ரயில் கேட்டைத் தாண்டும்போது என் பல் கடகடத்தது. பின்னால் அடை அசையவே இல்லை.

"என்ன உல்ரிக்கே, பின்னாடி சோபா, முன்னாடி மர ஸ்டூலா? ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டிட்டாங்களா?"

"நீ படத்த எடு. வண்டிய நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்க மகாராணி. எனக்கு சோபா போதும்."

சிரித்துவிட்டு, 'கூர்மைக்குக் கொடுக்கும் விலை இந்தக் கடினம்' என்று குறித்துக்கொண்டேன். நல்ல வரி. எனக்கே பிடித்தது.

மே 15, திங்கள்

கையாளுதல், நூற்றுக்கு: நீலம் 97, சாம்பல் 91, சிவப்பு 84. நீலத்துக்கு 97 கொடுக்கக் கை கூசவில்லை. சொகுசில் சாம்பல் நிறைய முந்துகிறது, ஆனாலும் மொத்தத்தில் நீலம்தான்.

மே 16, செவ்வாய்

'கூர்மைக்குக் கொடுக்கும் விலை' என்ற அந்த வரியையே தலைப்பாக்கிவிட்டான் ஆசிரியர் டெட்லெஃப்.

ஜூன் 1, வியாழன்

இதழ் கடைக்கு வந்துவிட்டது. நீலத்தின் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு. பரிசு வாங்கக் கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை கெடாமலிருக்க அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறோம். டெட்லெஃப் அதைத் திறந்து திறந்து பார்க்கிறான்.

ஜூன் 5, திங்கள்

ஒரு போன். மாரைக்கே என்று பெயர் சொன்னாள். சாம்பலுக்கு சஸ்பென்ஷன் செய்த பொறியாளர்.

"நான் சண்டைக்கு வரல. அந்த நீல வண்டிய நாங்களே காசு குடுத்து வாங்கிப் பிரிச்சுப் பாத்திருக்கோம். அந்த ஸ்பிரிங்க வச்சுக்கிட்டு மூக்கு சாயாம இருக்க வழியே இல்ல. நீங்க எதத்தான் ஓட்டினீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தோற்றவர்கள் எல்லோரும் போன் செய்தால் நான் வேலை பார்த்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் சொன்னாள்: "நாளன்னிக்கு புதன்கிழமை எங்க ஆளுங்க எங்க வண்டி முன்பக்கத்துக்கும் கெட்டியான ஸ்பிரிங் போடச் சொல்லி கையெழுத்து போடப்போறாங்க. உங்க கட்டுரைய மேஜை மேல விரிச்சு வச்சுக்கிட்டு. இப்ப இருக்கிற ஸ்பிரிங் நான் மூணு வருஷம் உக்காந்து பண்ணினதுங்க. கெஞ்சல. கேக்கறேன், அவ்வளவுதான்."

வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷம் இந்த முதுகை வைத்துத்தானே சோறு தின்கிறேன்? — ஆனால் அடை ஏன் அசையவில்லை? முன்னால் பல் கடகடக்கும்போது பின்னால் ஏன் அசையவில்லை?

சோபா. ஸ்டூல். ச்சே.

ஜூன் 6, செவ்வாய்

வீடியோ எடுப்பதற்காக நீலம் இன்னும் எங்கள் நிலத்தடி வண்டி நிறுத்தத்தில்தான் இருந்தது. காலையில் முதல் ஆளாகப் போனேன். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முன் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ஆரஞ்சு ரப்பர். இடதுபக்கம் இரண்டு, வலதுபக்கம் இரண்டு. டிரக்கில் கட்டி வரும்போது வண்டி குதிக்காமலிருக்க வைப்பது. வண்டியை வாங்கிக்கொள்கிறவர் முதல் வேலையாக எடுத்துவிட வேண்டும்.

ஸ்பிரிங் வேலையே செய்யவில்லை. அதனால்தான் சாயவில்லை. ரப்பரைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கேன் அய்யோ. தொண்ணூத்தேழு மார்க். ரப்பருக்கு!

வரவுத்தாளை எடுத்துப் பார்த்தேன். மழையில் மை ஊறியிருக்கிறது, ஆனால் 'ஸ்பிரிங் ரப்பர் எடுத்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் தெளிவாக இருக்கிறது. என் கை. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

டெட்லெஃபிடம் போய் ரப்பர், மாரைக்கேயின் போன் இரண்டையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"ஜூலை இதழ்ல சின்னதா ஒரு பெட்டிச் செய்தி போட்டுடலாம். டிரக்குக்காரன் எடுக்கலைன்னு எழுதிக்கலாம். அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் திறக்காத."

"நாளைக்குப் புதன்கிழமை டெட்லெஃப்."

"அது அவங்க பாடு. நம்ம பேரு என்னாகும்னு யோசி. உன் பேரு."

யோசித்தேன். உடனே போன் செய்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் செய்யவில்லை. இரண்டரை மணி நேரம் மேஜையைத் துடைத்தேன், பழைய இதழ்களை அடுக்கினேன், கழிவறைக்கு மூன்று முறை போனேன். பயம்தான், வேறொன்றுமில்லை. இந்த ஒரு வேலையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

பிறகு ஆன்ஸ்காரைக் கூப்பிட்டுக் கீழே அழைத்துப் போனேன். "உன் ஸ்டூல் கிடைச்சிருச்சு."

குனிந்து பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"டிக் போட்டது யாரு?"

"நான்."

"சரி. லைட்ட நேரா பிடி."

நாலு ரப்பரின் படத்தையும் வரவுத்தாளையும் மாலை நாலு மணிக்கு மாரைக்கேவுக்கு அனுப்பினேன். கீழே என் முழுப்பெயர்.

ஜூன் 7, புதன்

பதில் இல்லை.

ஜூன் 8, வியாழன்

விடுமுறை. தேவாலய ஊர்வலம் வாசல் வழியாகப் போனது, பாண்டு வாத்தியம் வழக்கம்போல் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பத்து மணிக்கு மாரைக்கேயின் செய்தி: "கையெழுத்து தள்ளிப் போயிருக்கு." வேறு ஒரு வார்த்தை இல்லை. நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூன் 13, செவ்வாய்

ரப்பரை எடுத்துவிட்டு நீலத்தை மறுபடி ஓட்டினேன். சாய்கிறது. சாம்பலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சாய்கிறது. மூன்று வினாடி போயிற்று. ஆனால் ரயில் கேட்டில் வழுக்கிக்கொண்டு போனது, நல்ல வண்டி. இந்த வண்டியை நான் இன்றைக்குத்தான் முதல் முறையாக ஓட்டுகிறேன்.

கையாளுதல் 90. சாம்பல் முதலிடம். நீலத்தின் கம்பெனிக்காரர் போனில் கத்தினார், கத்த விட்டேன்.

ஜூலை 6, வியாழன்

பெட்டிச் செய்தி இல்லை, முழுப்பக்கம். நான்தான் அடம் பிடித்தேன். 'நான் பார்க்காமல் டிக் போட்டேன்' என்று முதல் வரி. ரயில் கேட்டும் பின்சீட்டில் அசையாத அடையும்கூட அதில் உண்டு. வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒருவர் எனக்கு ஆரஞ்சு ரப்பர் ஒன்றைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்.

செப்டம்பர் 1, வெள்ளி

இனி எனக்கு வேன்கள்தான். ஏழு சீட், இழுக்கிற கதவு, பின்னால் குழந்தை இருக்கை. டெட்லெஃப் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். வேக வண்டிகளை வேறு யாரோ ஓட்டப்போகிறார்கள். கழிவறையில் போய் அழுதேன். அழுகை: பத்துக்கு எட்டு.

மறு ஆண்டு, ஏப்ரல் 18, வியாழன்

மதியம் அலுவலக வாசலில் ஒரு சாம்பல் வண்டி வந்து நின்றது, இந்த வருஷத்துப் புது மாடல். இறங்கியவளை எனக்குத் தெரியவில்லை. குட்டையான முடி, என்னைவிட இளையவள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"இந்தப் பக்கம் வேலையா வந்தேன். ஒரு சுத்து போலாமா?" என்றாள் மாரைக்கே.

ஓட்டுநர் சீட்டுப் பக்கம் போனேன். என்னைத் தடுத்துப் பின்கதவைத் திறந்தாள். "அங்க இல்ல. நீங்க இங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டி அதே சாலை, அதே ரயில் கேட். அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முன்பக்கம் அமுங்கி எழுந்தது, பின்பக்கம் அதே அளவு அமுங்கி எழுந்தது. அவளுடைய பழைய ஸ்பிரிங்கை மாற்றவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்திருப்பாள்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தினாள். "எத்தனை மார்க்?"

"இரு, முதல்ல அடியில பாத்துட்டு வரேன்."

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நிஜமாகவே மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். எதுவும் இல்லை, ஸ்பிரிங் மட்டும்தான் இருந்தது.