வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மே மாதப் பூ

அப்பா,

இன்று காலை பின்கதவைத் திறந்தவள் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை பாம்பு என்று நினைத்துக் கையில் தோசைக்கரண்டியோடு ஓடிவந்தார். போன வாரம் கள்ளக்குறிச்சியில் கோடையின் முதல் மழை. நாங்கள் வெளியூர் போய்விட்டு நேற்றுதான் திரும்பினோம். அதற்குள் குழாயடியில், இலை ஒன்றுகூட இல்லாமல், வெறும் மண்ணிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, அதன் தலையில் இரண்டு கைக்கும் அடங்காத ஒரு சிவப்புப் பந்து. மே மாதப் பூ.

நான் நடவில்லை. அவரும் நடவில்லை. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நீங்கள் அந்த இடத்தில் குந்தி என்னவோ கிளறிக்கொண்டிருந்தீர்கள். "இன்னாப்பா பண்றீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, தண்ணி தேங்குது, வழி பண்றேன்" என்றீர்கள். திருட்டு அப்பா! கார்த்திகை பிறந்ததும் போய்விட்டீர்கள். அதற்குள் இந்த வேலையையும் பார்த்திருக்கிறீர்கள். பின்கதவைக்கூடச் சாத்தாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிமலைக்கு மாடு வாங்கப் போய், மாடு இல்லாமல் ஒரு கோணி பூக்கிழங்கோடு ஜீப்பிலிருந்து இறங்கிய ஆள் நீங்கள். "மாடு எங்க?" என்றாள் அம்மா. "வெல படியல. இத்த சும்மாவே குடுத்தாங்க" என்றீர்கள். "இத்த கறக்க முடியுமா?" என்று அவள் கேட்டது நம் ஊர் நைனார்பாளையம் முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் அசரவில்லை. கிணற்றடியில் பாத்தி கட்டினீர்கள். ஓரத்தில் மழை லில்லி, நடுவில் இந்த மே மாதப் பூ. முதல் மழைக்காகக் காத்திருந்து, மற்ற செடிகள் கண்விழிக்குமுன் பூத்துவிடுகிற சாதிகளாகவே பொறுக்கி வைத்தீர்கள். "நெல்லயும் மரவள்ளியயும் வருஷா வருஷம் நாமதான் நட்டுக்கினு கெடக்கறோம். இது ஒரு தபா நட்டா போதும், தானா போவும், தானா வரும்" என்பீர்கள். நடவு நட்டு அலுத்துப்போன மனுஷனின் ஆசை அது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

எலி தோண்டுகிறதென்று ஒரே ஒரு வருடம், பனிக்காலத்தில் இலை காய்ந்ததும் பெரிய கிழங்குகளை மட்டும் வெளியே எடுத்தீர்கள். அம்மா வயலுக்குப் போயிருந்தபோது, ஒரு மூங்கில் கூடையில் போட்டு, அடுப்படி உத்திரத்தில் சின்ன வெங்காயக் கூடைக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டீர்கள். அங்கேதான் வந்தது வினை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எப்போது மறியல், எந்தச் சாலையில் மரம் விழும் என்று யாருக்கும் தெரியாது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாசி மாதம் ஊருக்கு இரண்டு பக்கமும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட, நடுவில் ஒரு பேருந்து மாட்டிக்கொண்டது. சந்தையும் இல்லை, காய்கறியும் வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் நீங்கள் அந்தப் பேருந்தில் கிடந்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினீர்கள். முகம் பார்த்ததும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு அளந்துவிட்டுத்தான் அப்போதெல்லாம் பேச்சே ஆரம்பிக்கும். சித்தப்பா உங்கள் காதில் என்னவோ சொன்னார். "புள்ளைங்க பட்டினியா இருக்குதுங்க, நீ போய் எல அறு" என்று நீங்கள் சத்தமாகவே சொன்னீர்கள்.

அம்மா பரபரத்துப் போனாள். சின்ன வெங்காயம் தீர்ந்துவிட்டிருந்தது. பக்கத்துக் கூடையைப் பார்த்தாள். கிடைக்காத காலமென்று நீங்கள் எங்கிருந்தோ பெரிய வெங்காயம் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டாள். நம் வீட்டில் யார் பெரிய வெங்காயம் வாங்கினார்கள்? கண்டிருந்தால்தானே வித்தியாசம் தெரியும். மொத்தமாக அரிந்து குழம்பில் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. அவளுக்கு விரதம், வாயில் வைக்கமாட்டாள். பந்தி விசாரித்துக்கொண்டு நின்ற உங்களைக் கூப்பிட்டு, "உப்பு கம்மியா ஜாஸ்தியா, பாருங்க" என்று கரண்டியை நீட்டினாள். பசியில் மடக்கென்று குடித்து, துண்டையும் மென்று விழுங்கினீர்கள். என்னவோ மாதிரி இருக்கிறதே என்று இன்னொரு கரண்டியும். அதற்குள் நான் முதல் இலைக்குக் குழம்பு ஊற்றிவிட்டேன். நீலச் சட்டை போட்ட ஒருவர், மடியில் குழந்தையோடு பக்கத்தில் மனைவி. அவர் பிசைந்து கவளம் உருட்டிவிட்டார்.

நீங்கள் உத்திரத்தைப் பார்த்தீர்கள். கூடை காலி. அடுத்த நொடி பாய்ந்து வந்து அவர் கைக்குக் கீழே இருந்த இலையைக் காலால் எட்டி உதைத்தீர்கள். என் கையிலிருந்த பாத்திரத்தைத் தட்டிவிட்டீர்கள். குழம்பு சட்டியும் உருண்டது.

பூச்செடியை மிதித்துவிடாமல் சுற்றி நடக்கிற மனுஷன், சோறு போட்ட இலையைக் காலால் உதைப்பாரா? அதுவும் யாருடைய இலையை? தெருவே கூடிவிட்டது. நீலச் சட்டைக்காரர் எழுந்தார். "எங்களுக்குப் போட மனசில்லன்னா கூப்புடாம வுட்ருக்கணும். கூட்டியாந்து ஒக்கார வெச்சி ஒதைக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?"

நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறந்தீர்கள். சொல் வரவில்லை, எச்சில்தான் ஒழுகியது. நாக்கு தடித்துப்போயிருந்தது. உத்திரத்தைக் காட்டினீர்கள், வாயைக் காட்டினீர்கள், அப்படியே மடங்கி விழுந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தீர்கள். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, பூக்கெழங்குங்க! பூக்கெழங்க அரிஞ்சிப் போட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டது சித்தப்பா. ஆனால் தலைப்பக்கத்துக் காலை முதலில் தூக்கியவர் அந்த நீலச் சட்டைக்காரர். கையில் பிசைந்த சோறு காயக்கூட இல்லை. சாய்ந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி நின்று, கட்டிலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றினார்கள். மரத்தின்மேல் உட்கார்ந்து மறியல் செய்தவர்களும் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கிக் கை கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கிடைத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரும்வரை உங்களுக்கு நாடி இருக்கிறதா என்று நான் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. செத்துவிட்டீர்கள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை கண் திறந்தீர்கள். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, கரகரத்த குரலில் கேட்டீர்கள்: "வந்தவங்க சாப்ட்டாங்களா?"

யார் சாப்பிட்டார்கள்? கட்டில் காலடியில் அந்த மனிதர் அதே நீலச் சட்டையில் நின்றிருந்தார். "இன்னும் இல்லீங்க" என்றார். சொன்னவர் அடக்கமாட்டாமல் தேம்பித் தேம்பி அழுதார். "எல்லாருக்கும் டிபன் வாங்கிக் குடு போ" என்று அம்மாவை விரட்டினீர்கள்.

கார்த்திகையில் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். காலையில் நன்றாகப் பேசிய மனுஷன் பத்து மணிக்கு இல்லை என்றால் எப்படி நம்புவது? எனக்கு அழுகை வரவில்லை. மத்தியானம் வாசலுக்கு வந்தேன். வெயிலில் அத்தனை சனம். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "வந்தவங்க சாப்ட்டாங்களா?"

பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அத்தை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா, அது என் குரலே இல்லை.