பென்டிரைவில் உன் குரல்

உன் பென்டிரைவைப் பொதிந்து வந்த கைக்குட்டை இன்னும் கடை மேசையில்தான் கிடக்கிறது. பாச்சை உருண்டை வாசனை மூக்கைத் துளைக்கிறது. எடுத்துப் போடவும் மனசில்லை, பார்த்துக்கொண்டு உட்காரவும் முடியவில்லை.

போன வாரம் உன் மனைவி கொண்டுவந்தாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளுக்காகப் பேசிப் பதிந்து வைத்தாயாம். எனக்குக்கூடச் சொல்லவில்லையே, படுபாவி! மேலப்பாளையத்தில் வேறொரு கடையில் போட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லாம் வைரஸ், அழித்துவிடலாம் என்றார்களாம்.

“அண்ணே, வாப்பா எப்படிப் பேசுவாகன்னு புள்ள கேட்டுக்கிட்டே இருக்கு. நீங்க ஒருவாட்டி பாருங்களேன்” என்றாள்.

வாங்கிச் செருகினேன். நாம் இருவரும் இந்தக் கம்ப்யூட்டர் கடையைத் தொடங்கியபோது விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் போடவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். சரி என்றேன். மறுநாளே கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, இலவச ஆன்டிவைரஸ் ஒன்றையும் நிறுவினாய். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

“லினக்ஸ்ல வைரஸ் ஏறாதுன்னு நீதானலே சொன்ன? பொறவு எதுக்கு இந்தச் சனியன்?”

“நமக்கு ஏறாதுலே. இங்கன வந்துட்டுப் போற பென்டிரைவு அடுத்தவன் வீட்டு விண்டோஸ்லல்லா போய் ஏறும்!”

புது வைரஸ் பட்டியலை இறக்கிய பிறகுதான் எதையும் சோதிப்பாய். வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். “பைய இருங்க அண்ணாச்சி” என்பாய். நான் வாசலுக்கும் மேசைக்கும் நடப்பேன்.

அன்றும் நடந்தேன். பட்டியல் இறங்குகிறது, இறங்குகிறது, முடிகிற வழியைக் காணோம். உன் மனைவி முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். ஒருவழியாகச் சோதனை முடிந்தது. பிடிபட்டவை அத்தனையும் போலி ஷார்ட்கட்கள். உன் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதன் பெயரில் உட்கார்ந்திருந்த களவாணிப் பயல்கள்! அவற்றை அழித்துவிட்டு, மறைந்திருப்பதைக் காட்டும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். உன் ஃபோல்டர் முழுசாக இருந்தது. குரல் பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கெடச்சிருச்சா அண்ணே?”

“கெடச்சிருச்சும்மா.”

அழுதாள். நானும்தான். வீட்டில் மகளோடு உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்றாள். படியிறங்கப் போனவள் திரும்பி, “நீங்களும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடுங்க” என்றாள். வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் கடை திறந்ததும் பட்டியலைப் புதுப்பித்து, அந்த ஒரே ஒரு பதிவைச் சோதிக்கிறேன். சுத்தம் என்று வருகிறது. நாளைக்கும் சோதிப்பேன். அதைத் திறந்து நீ பேசுவதைக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.